445 மீட்டருக்குள் அடங்காத டாங்கி

நெய்யாற்றின்கரையைத் தாண்டி, பாறசாலை வருவதற்கு முன், தேசிய நெடுஞ்சாலையின் இருபுறமும் நீண்டு கிடக்கும் ஊர் உதியன்குளங்கரை. ஒரே வாக்கியத்தில் தமிழும் மலையாளமும் கலந்து வரும் எல்லைப்புறம். பக்கத்துத் தனுவச்சபுரத்தில் கல்லூரியும் ஐடிஐயும் இருப்பதால் மாலையில் சந்திப்பில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் மாணவர்கள் கூட்டம் குறையாது. பலர் கையில் போன், சில போன்களில் டாங்கி. வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ் விளையாட்டின் போன் வடிவமான ப்ளிட்ஸில் ஆட்டம் ஒன்று ஏழு நிமிடத்துக்கு மேல் போகாது. பஸ் வருவதற்குள் ஒரு போர் முடிந்துவிடும்.

பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் இல்லாத தெருவை இந்த வட்டாரத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும். அவர்களில் யாராவது போனை எட்டிப் பார்த்து, “இதுதான் டாங்கிச் சண்டையாடே?” என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: “இதுல எல்லாமே ஒறிஜினல் மாதிரிதான் மாமா, பழைய கேமெல்லாம் வெறும் கட்டம்லா.” இது இந்தச் சந்திப்பில் மட்டும் கேட்கிற பேச்சு அல்ல. கேம் விளம்பரங்களும் யூடியூப் விமர்சனங்களும் உலகம் முழுக்கச் சொல்வதும் இதைத்தான். டாங்கி விளையாட்டு ஆண்டுக்கு ஆண்டு நிஜத்தை நெருங்கி வருகிறதாம். பழையது பொம்மை, இன்று வருவது அசல் என்கிறார்கள்.

இந்தக் கருத்து தவறு. எதை நிஜம் என்று எண்ணுகிறோமோ அந்த இடத்திலேயே அது பிசகுகிறது.

டாங்கி என்பது இரும்பும் குழலும் சங்கிலிச் சக்கரமும் சேர்ந்த வண்டி என்று கொண்டால் புதிய விளையாட்டுகளை மறுக்க யாராலும் முடியாது. கைஜின் நிறுவனத்தின் வார் தண்டர் 2014இல் தரைப்படைக்குள் வந்தது முதல் இரும்பை அது காட்டும் விதம் வியக்க வைக்கிறது. குண்டு எந்தத் தகட்டில், எந்தச் சாய்வில் படுகிறது, உள்ளே தெறிக்கும் துண்டுகள் யார் மேல் பாய்கின்றன என்பதையெல்லாம் அது கணக்கிடுகிறது. லோடர் சாய்ந்தால் அடுத்த குண்டு ஏறத் தாமதமாகும். டி-72 பின்னோக்கி நகரும்போது மணிக்கு 4 கிலோமீட்டர் அளவில்தான் ஊர்ந்து போகும் என்ற குறைகூட அதில் அப்படியே இருக்கிறது. 2021இல் சேலஞ்சர்-2 டாங்கியின் வடிவம் தவறாக இருக்கிறது என்று நிரூபிக்க, பிரிட்டிஷ் டாங்கிப் படையைச் சேர்ந்தவன் என்று சொல்லிக்கொண்ட ஒரு ரசிகர் ராணுவக் கையேட்டின் பக்கங்களையே பொதுவெளியில் போட்டார். பிரெஞ்சு, சீன டாங்கிகளுக்கும் இப்படியே நடந்தது. ராணுவ ரகசியமே கசிகிற அளவுக்குத் துல்லியம் பார்க்கிற விளையாட்டு நிஜம் இல்லையென்றால் வேறு எதுதான் நிஜம் என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம்.

வாதம் வலுவானதுதான், ஆனால் அது வண்டியைப் பற்றிய வாதம். சண்டையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

டாங்கிக்குள் இருப்பவர்கள் மூன்று பேரோ நான்கு பேரோ. ஆவடியில் உருவான அர்ஜுனில் நான்கு பேர்: கமாண்டர், கன்னர், லோடர், டிரைவர். குண்டைக் கையால் தூக்கிக் குழலுக்குள் தள்ளுவது லோடர் வேலை. ரஷ்ய வழியில் வந்த, அதே ஆவடியில் தயாரான டி-72, டி-90 இரண்டிலும் மூன்று பேர்தான். தரையடியில் சுழலும் வட்டத் தட்டில் 22 குண்டுகள் அடுக்கியிருக்கும், ஏற்றும் வேலையை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். எது மேல் என்ற விவாதம் இந்திய ராணுவ வட்டாரங்களில் பல்லாண்டு நடந்தது. ஆளைக் குறைத்தால் வண்டி சிறிதாகும், எடை குறையும் என்பது ஒரு பக்கம். சங்கிலி கழன்றால் மாட்டவும், ராத்திரி காவல் நிற்கவும், ரேடியோவைக் கவனிக்கவும் நான்காவது ஆளின் கை வேண்டும் என்பது மறுபக்கம். டாங்கி என்பது நாலு பேர் சேர்ந்து ஓட்டுகிற ஒரு குடும்பம் என்று தெரிந்தவர்களுக்கு மட்டுமே இந்த விவாதம் புரியும். வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸிலும் வார் தண்டரிலும் ஒரு டாங்கிக்கு ஓர் ஆட்டக்காரர். அவரே பார்க்கிறார், அவரே ஓட்டுகிறார், அவரே சுடுகிறார், பெரும்பாலான ஆட்டங்களில் வண்டிக்குப் பின்னால் வானத்தில் மிதக்கும் கண்ணாலும் அவரே நோட்டமிடுகிறார். குழுவில் இருப்பவர்கள் திறன் சதவீதம் எழுதிய அட்டைகள். அந்த நான்காவது ஆள் தேவையா என்ற கேள்வியை இந்த விளையாட்டுகளுக்குள் நின்று கேட்கவே முடியாது.

இப்போது 1989க்குப் போவோம். அமெரிக்காவின் மைக்ரோபுரோஸ் நிறுவனம் எம்1 டேங்க் பிளட்டூன் என்ற விளையாட்டை வெளியிட்டது. வடிவமைத்தவர் ஆர்னால்டு ஹென்ட்ரிக். மாணவர்கள் சொல்கிற குறை உண்மைதான்: மலை என்பது முக்கோணம், டாங்கி என்பது சில கட்டங்கள், நிலம் பச்சை அட்டையை விரித்ததுபோல் இருக்கும். ஆனால் அந்தக் கட்டங்களுக்குள் 16 பேர் இருந்தார்கள். ஒரு பிளட்டூனுக்கு நான்கு டாங்கி, ஒவ்வொன்றிலும் நான்கு பேர். ஒவ்வொருவருக்கும் பெயர், பதவி, திறமை உண்டு. நன்றாகச் சண்டை போட்டவருக்குப் பதவி உயர்வும் பதக்கமும் கிடைக்கும். ஒரு டாங்கி அழிந்தால் அதிலிருந்தவர்கள் திரும்பி வருவது நிச்சயமில்லை. அவர்கள் இடத்தில் அனுபவம் இல்லாத புது ஆட்கள் உட்கார்ந்து அடுத்த சண்டைக்குப் போக வேண்டும். ஆடுபவர் விரும்பினால் எந்த டாங்கியிலும் கன்னர் இருக்கையிலோ டிரைவர் இருக்கையிலோ போய் அமரலாம். ஆனால் அங்கே உட்கார்ந்த நேரமெல்லாம் மற்ற மூன்று டாங்கிகள் என்ன செய்கின்றன என்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே வரைபடத்துக்குத் திரும்ப வேண்டும், அணிவகுப்பை மாற்ற வேண்டும், பீரங்கிப் படையிடம் உதவி கேட்க வேண்டும். எங்கே இருக்க வேண்டும், எதைக் கைவிட வேண்டும் என்ற தவிப்பு கமாண்டர் தவிப்பு. அது அந்த முக்கோண மலைகளுக்கு நடுவே இருந்தது. இன்றைய பளபளப்பான திரைகளில் பெரும்பாலானவற்றில் அது இல்லை.

தூரத்தைப் பார்த்தாலே போதும். வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸில் ஒரு டாங்கி எவ்வளவு கூர்மையான கண்ணாடி பொருத்தியிருந்தாலும் 445 மீட்டருக்கு அப்பால் எதிரியைத் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. அதன் வழக்கமான களம் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர். ஒரு பஸ் நிறுத்தத்தில் இருந்து அடுத்த நிறுத்தம் வரையுள்ள தூரத்தில் டாங்கிப் போர் முடிந்துவிடுகிறது. இன்றைய முதன்மை டாங்கிகள் 2,000 மீட்டரிலும் அதற்கு மேலும் அடிக்கக் கட்டப்பட்டவை. தூரம் சுருங்கினால் சண்டையின் தன்மையே மாறிவிடும். மறைந்து நிற்பது, பொறுத்திருப்பது, முதல் குண்டை யார் சுடுவது என்ற கேள்வி எல்லாம் போய், சந்து முனையில் மோதுவது மட்டும் மிஞ்சும். அதோடு ஒவ்வொரு குண்டின் ஊடுருவலும் சேதமும் 25 சதவீதம் கூடவோ குறையவோ சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் வரும். இதைச் செய்தவர்களுக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இலவசமாகத் தந்து, வண்டிகளை விற்றுப் பணம் பார்க்கும் வணிகத்துக்கு வேகமான, சின்ன, உடனே மறுபடி தொடங்கக்கூடிய ஆட்டம் தேவை. கையில் காசு இருக்கும் பையன் ஏழு நிமிடம் புதருக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்க மாட்டான். தேவை அப்படி என்பதால் வடிவமும் அப்படி. அந்த வடிவத்துக்கு நிஜம் என்று பெயர் சூட்டுவதுதான் பிழை.

காத்திருப்பு எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதற்கு இந்திய வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. 1965 செப்டம்பர் 8 முதல் 10 வரை, பஞ்சாபில் கேம் கரண் அருகே அசல் உத்தர். பாகிஸ்தான் கொண்டு வந்த பேட்டன் டாங்கிகள் அந்தக் காலத்தின் புதுமை. இரட்டைக் கண்ணாடி வழியாகத் தூரம் அளக்கும் கருவி அவற்றில் இருந்தது. எதிரே நின்றவற்றில் டெக்கான் ஹார்ஸ் படைப்பிரிவின் ஷெர்மன்கள் இரண்டாம் உலகப் போர்க் காலத்தவை. மூன்றாம் கேவல்ரியின் செஞ்சூரியன் 1945இலேயே வடிவம் பெற்றது. எட்டாம் கேவல்ரியிடம் இருந்தவை இலேசான பிரெஞ்சு ஏ.எம்.எக்ஸ்-13கள். இரண்டாம் தனிக் கவசப் படையணிக்குப் பிரிகேடியர் டி.கே. தியோகராஜ் தலைமை வகித்தார். இந்தியப் படை குதிரை லாட வடிவில் நின்றது. வயல்களில் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. டாங்கிகள் கரும்புக்காட்டுக்குள் ஒளிந்துகொண்டு, எதிரி உள்ளே வரும் வரை சுடாமல் இருந்தன. பேட்டன்கள் சேற்றில் இறங்கின, கரும்பின் உயரத்தால் எதிரே எதுவும் தெரியவில்லை, தூரம் அளக்கும் நுணுக்கமான கருவிக்கு வேலையே வரவில்லை. பாகிஸ்தான் இழந்தவை சுமார் 97 டாங்கிகள் என்று கணக்கு. பிடிபட்ட பேட்டன்களை வரிசையாக நிறுத்திய இடத்துக்குப் பேட்டன் நகர் என்றே பெயர் வந்தது. ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் டாங்கிகளை அடித்து உயிர்விட்ட அப்துல் ஹமீதுக்குப் பரம் வீர் சக்ரா கிடைத்ததும் இந்தச் சண்டையில்தான்.

புதிய வண்டி, பழைய வண்டி என்ற கணக்கு அந்தக் கரும்பில் செல்லவில்லை. நிலமும் நீரும் பொறுமையும் கன்னர் பயிற்சியும் செல்லுபடியாயின. ஒரு விளையாட்டு டாங்கிப் போரைக் காட்டுகிறதா என்று பார்க்க இதைவிட நல்ல உரைகல் கிடையாது: அதில் கரும்புக்காட்டு வெற்றி ஒன்று சாத்தியமா?

நேர்மையாகச் சொன்னால் எம்1 டேங்க் பிளட்டூனிலும் அது முழுதாகச் சாத்தியமில்லை. பச்சை அட்டை நிலத்தில் எங்கே போய் ஒளிவது? மேட்டுக்குப் பின்னால் உடலை மறைத்துக் கோபுரத்தை மட்டும் நீட்டி நிற்கலாம், அதற்கு மேல் கொஞ்சம்தான். பழையது எல்லாம் தங்கம் என்பவர்களின் வாதமும் இங்கே உடைகிறது. 1994இல் நோவாலாஜிக் கொண்டுவந்த ஆர்மர்டு ஃபிஸ்ட் அந்த நாளில் கண்ணைப் பறித்தது. முக்கோணம் இல்லாமல் உருண்டு புரளும் குன்றுகள் அதில் இருந்தன. ஆனால் டாங்கிக்குழு வேலை என்று பார்த்தால் மைக்ரோபுரோஸ் ஐந்து வருடம் முன்பே தொட்டதை அது தொடவில்லை. பழைமை தகுதி ஆகாது என்பதை மறைத்துவிட்டுப் புதுமையை மறுப்பது நியாயம் இல்லை.

அப்படியானால் எதைக் கொண்டு அளப்பது? ராணுவங்கள் தங்கள் பயிற்சிக்கு எதை எடுத்துக்கொண்டன என்று பார்க்கலாம். 1983இல் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பாவில், விமானப்படை அதிகாரி ஜாக் தார்ப் சிம்நெட் என்ற திட்டத்தைத் தொடங்கினார். டாங்கி உள்ளறை போன்ற பெட்டிகளைச் செய்து, கம்பி வழியாக ஒன்றோடொன்று இணைத்து, நூற்றுக்கணக்கானோர் ஒரே களத்தில் சண்டையிடும்படி செய்தார்கள். படம் கரடுமுரடு, இன்றைய போன் கேம்கூட அதை அவமானப்படுத்தும். எதையெல்லாம் காட்டினால் குழு சரியாக முடிவெடுக்குமோ அதை மட்டும் துல்லியமாகக் காட்டுவது, மற்றதில் காசைக் கொட்டுவதில்லை என்பது அவர்கள் கொள்கை. 1991 பிப்ரவரி 26இல் இராக் பாலைவனத்தில் மணற்புயலுக்கு நடுவே நடந்த 73 ஈஸ்டிங் சண்டையை, அதில் சண்டையிட்டவர்களைக் கேட்டு, நிமிடம் நிமிடமாக அதே சிம்நெட்டில் மறுபடி கட்டியெழுப்பிப் படித்தார்கள். அழகான படம் கேட்டு யாரும் அங்கே போகவில்லை. அதற்கும் முன்னால், 1980இல் வந்த அடாரியின் பச்சைக்கோட்டு பேட்டில்ஸோன் விளையாட்டைப் பார்த்து, பிராட்லி கவச வண்டிக்குப் பயிற்சிப் பெட்டியாக மாற்றித் தரச் சொல்லிக் கேட்டவர்களும் ராணுவத்தினர்தான்.

2000இல் வந்த ஸ்டீல் பீஸ்ட்ஸ் இந்த வழியில் பிறந்தது. ஆல் டெலானி என்ற ஒரு நிரலாளர் பெரும்பகுதியைத் தனியாகக் கட்டினார். எம்1ஏ1, லெப்பர்ட் 2ஏ4 என இரண்டே டாங்கி. வெளிவந்த நாளிலேயே படம் பழசு என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். அதன் கன்னர் இருக்கையில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கமாண்டர் குரல் வருகிறது: கன்னர், சேபாட், டாங்கி. சேபாட் என்பது கவசம் துளைக்கும் குண்டு. கண்ணாடிக்குள் தொலைவில் வெள்ளையாக ஒரு புள்ளி நகர்கிறது. குறுக்குக்கோட்டை அதன் மேல் வைத்து, அதன் வேகத்துக்கே கையை நகர்த்தி, இரண்டு நொடி விடாமல் தொடர வேண்டும். அப்போதுதான் கணிப்பொறிக்கு எதிரியின் வேகம் தெரியும். அவசரப்பட்டு லேசரை அழுத்தினால் முன்னால் இருக்கும் புதரில் பட்டுத் திரும்பிவிடும். திரையில் 2,300க்குப் பதிலாக 640 என்று வரும். அந்த எண்ணைக் கவனிக்காமல் சுட்டால் குண்டு பாதி வழியில் மண்ணைக் கிளப்பும், நம் இருப்பிடம் எதிரிக்குத் தெரிந்துவிடும். எண்ணைக் கவனித்தவர் மறுபடி அளப்பார். லோடர் ‘தயார்’ என்பார், கமாண்டர் ‘சுடு’ என்பார், அதற்குள் அந்தப் புள்ளி மேட்டுக்குப் பின்னால் போயிருக்கும். மறுபடி காத்திருக்க வேண்டும்.

இந்த இரண்டு நொடியும் அந்த 640 என்ற எண்ணும் எந்த அழகான புல்லின் மேலும் எழுதப்பட்டிருக்காது. டாங்கிப்படைக்காரருக்கு இவைதான் நிஜம். 1965இல் ஆவடியில் உருவாகத் தொடங்கிய விஜயந்தாவில் லேசர் கிடையாது. அதன் கன்னர் முதலில் 12.7 மில்லிமீட்டர் இயந்திரத் துப்பாக்கியால் சிறு சிறு தொடராகச் சுட்டு, அது எங்கே பொறி தட்டுகிறது என்று பார்த்துத்தான் 105 மில்லிமீட்டர் பீரங்கியை இயக்குவார். கருவி மாறியது, ஆனால் தூரத்தை நம்பலாமா என்ற கேள்வி மாறவில்லை. அந்தக் கேள்வியைத் தலைமுறை தாண்டி எடுத்துவந்த காரணத்தால்தான் ஸ்டீல் பீஸ்ட்ஸின் அடுத்த வடிவமான ஸ்டீல் பீஸ்ட்ஸ் புரோ டென்மார்க், சுவீடன், ஸ்பெயின், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் ராணுவப் பயிற்சிக்குப் போனது. அதில் ஒரே டாங்கியில் ஒருவர் கமாண்டராகவும் இன்னொருவர் கன்னராகவும் உட்கார்ந்து பேசி, சண்டை போட்டு, சுடலாம். இந்தியாவிலும் ஹைதராபாத்தின் ஜென் டெக்னாலஜிஸ் போன்ற நிறுவனங்கள் ராணுவத்துக்குச் செய்யும் டாங்கி சிமுலேட்டர்களில் குழு சேர்ந்து சுடும் பயிற்சியும் உண்டு.

புதியவற்றில் நல்லது இல்லையா என்றால் இருக்கிறது. 2022இல் சோதனை வடிவில் வெளிவந்த கன்னர் ஹீட் பிசி 1980களின் ஜெர்மனியைக் களமாக்கி, எம்60, டி-72 போன்றவற்றின் பார்வைக் கண்ணாடிகளை, தூரக் கணக்கை, குண்டின் போக்கை உண்மையாகக் காட்டுகிறது. சண்டை முடிந்ததும் எந்தக் குண்டு எங்கே துளைத்தது என்று நிதானமாகப் பார்க்கவும் விடுகிறது. கார்கிவைச் சேர்ந்த கிராவிட்டீம் 2011இல் தந்த ஸ்டீல் ஆர்மர் விளையாட்டு டி-62, எம்60ஏ1 இரண்டையும் எடுத்துக்கொண்டு மேடு பள்ளத்தைச் சிரத்தையோடு வரைந்தது. இவை நல்லவையானது புதியவை என்பதால் இல்லை. மைக்ரோபுரோஸ் கேட்ட அதே கேள்வியைச் சிறந்த கருவியோடு மீண்டும் கேட்டதால். இவற்றுக்குக் கூட்டம் குறைவு. அந்த அளவுக்குத்தான் ‘புதியதே நிஜம்’ என்ற பேச்சில் உண்மையும் இருக்கிறது: புதியவற்றில் சிறுபான்மை நிஜத்தை நெருங்கியிருக்கிறது, கோடிக்கணக்கானோர் ஆடும் பெரும்பான்மை விலகிப் போயிருக்கிறது.

இதில் இன்னொரு இழப்பும் உண்டு, அதைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. 1971 டிசம்பர் 16, பாகிஸ்தானுடனான போரில் பசந்தர் சண்டை. பூனா ஹார்ஸின் அருண் கேத்தர்பால், வயது 21, ஃபமகுஸ்தா என்று பெயரிட்ட செஞ்சூரியனில் இருந்தார். டாங்கி அடிபட்டுத் தீப்பிடித்தபின் இறங்கச் சொல்லி ரேடியோவில் ஆணை வந்தது. பீரங்கி இன்னும் இயங்குகிறது என்று மறுத்துச் சண்டையைத் தொடர்ந்தார். அவரும், உடனிருந்த மூவரில் ஒருவரும் அந்த டாங்கியிலேயே உயிர்விட்டார்கள். கேத்தர்பாலுக்குப் பரம் வீர் சக்ரா அளிக்கப்பட்டது. அவர் எடுத்த முடிவின் எடை எவ்வளவு என்று உணர, அந்த வண்டிக்குள் தன் சொல்லை நம்பி இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள் என்ற எண்ணம் வேண்டும். வண்டி போனால் அடுத்த வண்டியில் மீண்டும் பிறக்கும் விளையாட்டில் அந்த எண்ணம் எங்கிருந்து வரும்? 16 பேருக்கும் பெயர் வைத்து, அவர்களில் யார் திரும்பவில்லை என்று சண்டை முடிந்ததும் பட்டியல் காட்டிய 1989 விளையாட்டில் அது துளியாவது வந்தது. பதினாறாம் இலகு கேவல்ரி போல, 1776 முதல் வரலாறு கொண்ட, தென்னாட்டவர் நிறைந்த டாங்கிப் படைப்பிரிவுகள் இருக்கும் நாட்டில், பட்டாளத்துக்குப் போன சொந்தக்காரர் உள்ள வீட்டுப் பையனுக்கு இந்தத் துளி அந்நியமானது அல்ல.

அசல் உத்தரைக் கண்முன் நிறுத்தும் விளையாட்டை ஒரு பெரிய நிறுவனம் செய்து தரும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. ஸ்டீல் பீஸ்ட்ஸ் புரோவில் களத்தை ஆடுபவரே அமைத்துக்கொள்ளலாம். தனுவச்சபுரத்து ஐடிஐயில் படிக்கும் ஒரு பையன் கேம் கரண் பகுதியின் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிலத்தைத் தட்டையாக்கி, சாலைக்கு இருபுறமும் உயரமான பயிரைப் பரப்பி, வாய்க்காலை ஒட்டிய நிலத்தைச் சகதியாக்கி, தன் பக்கத்துக்குப் பழைய டாங்கிகளையே வைத்துக்கொள்ளலாம். கன்னர் இருக்கையில் நண்பனை உட்கார வைக்கலாம், “நான் சொல்லும் வரை சுடக் கூடாது கேட்டியா” என்று சொல்லலாம். பிறகு பயிருக்குள் இன்ஜினை அணைத்துவிட்டு, பத்து நிமிடம், பதினைந்து நிமிடம், சாலையில் முதல் பேட்டனின் புழுதி தெரியும் வரை இருவரும் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம்.